கையெழுத்துப் போடுவதற்கு முன்

கேள்வி: ஞாயிறு பள்ளியில் ஆசிரியையாக இருக்கும்படி எங்கள் போதகர் என்னைக் கேட்டிருக்கிறார். அதற்கு முன் பன்னிரண்டு பிரிவுகள் கொண்ட விசுவாச அறிக்கையில் கையெழுத்திட வேண்டும். திரித்துவம், இயேசுவின் தெய்வத்தன்மை, கன்னிப் பிறப்பு, உயிர்த்தெழுதல் இவற்றில் எனக்குத் தயக்கமில்லை. நான்கு இடங்களில் பேனா நின்றுவிடுகிறது. வேதாகமம் "மூல எழுத்துகளில் பிழையற்றது" என்கிறார்கள். ஆனால் அகசியா ராஜாவின் வயது ஓரிடத்தில் 22, இன்னோரிடத்தில் 42 என்று இருக்கிறதே? கிறிஸ்து நமக்குப் பதிலாகத் தண்டனையை ஏற்றார் என்பது, குற்றவாளியை விட்டுவிட்டு மகனைத் தண்டித்த நீதிபதியின் கதையைத்தான் நினைவுபடுத்துகிறது. அவிசுவாசிகளுக்கு நித்திய ஆக்கினை என்கிற பிரிவைப் படிக்கும்போது, கிறிஸ்துவை ஏற்காமலே போன வருடம் இறந்துபோன என் அப்பாவின் முகம் வந்து நிற்கிறது. கடைசியாக, கிறிஸ்து ஆயிரம் வருடம் அரசாளுவார் என்கிற ஆயிரவருட அரசாட்சி எனக்குப் புரியவே இல்லை. "யாரும் இதையெல்லாம் முழுதாகப் படிப்பதில்லை, சும்மா கையெழுத்துப் போடு" என்கிறார் என் கணவர். போடலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

கணவரின் யோசனையை முதலில் ஒதுக்கிவைத்துவிடுவோம். அவர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் பிள்ளைகள் முன் நின்று "நாம் நம்புவது இது" என்று சொல்லப்போகிறவர், தாம் நம்புவதைத்தான் சொல்ல வேண்டும். "உங்களில் அநேகர் போதகராகாதிருப்பீர்களாக" என்று யாக்கோபு எச்சரித்தது பிரசங்க பீடத்துக்கு மட்டுமல்ல, ஞாயிறு பள்ளி வகுப்புக்கும் சேர்த்துத்தான். 1920களில் அமெரிக்கப் பிரெஸ்பிட்டேரியன் சபை கோட்பாட்டுச் சண்டையில் பிளந்துகொண்டிருந்தபோது, மரபுத் தரப்பின் கூர்மையான குரலாக இருந்தவர் கிரெஷம் மேச்சன். நம்பாததை நம்புவதாக உறுதிமொழி கொடுத்துவிட்டு ஊழியத்தில் இருப்பது நேர்மையல்ல என்பது எதிர்த்தரப்பின் மீது அவர் வைத்த முக்கியமான குற்றச்சாட்டு. அவருடைய விசுவாசத்தில் பங்கில்லாத பத்திரிகையாளர்கள்கூட அந்த வாதத்தை மதித்தார்கள். எனவே உங்கள் பேனா நின்றது நல்ல அறிகுறி. எல்லாவற்றிலும் வழுக்கிக்கொண்டு ஓடியிருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன்.

ஆனால் பேனா நின்ற நான்கு இடங்களும் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. வேதாகமம் பற்றிய பிரிவில், உங்கள் சபை சொல்லாத ஒன்றைச் சொன்னதாக எண்ணித் தயங்குகிறீர்கள். சிலுவை பற்றிய பிரிவில் உங்களுக்குத் தடையாக நிற்பது கோட்பாடு அல்ல, ஒரு மோசமான பிரசங்க உதாரணம். ஆக்கினை பற்றிய பிரிவில் பேசுவது உங்கள் துக்கம். ஆயிரவருடம் என்பதோ சுவிசேஷ சபைகள் நெடுங்காலமாகத் தங்களுக்குள்ளேயே வேறுபட்டு நிற்கும் விஷயம். நான்கையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தால் தலைசுற்றத்தான் செய்யும்.

இத்தகைய பட்டியல்கள் எப்படி உருவாகின்றன என்பதைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். மிகவும் பேசப்படும் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கன்னிப் பிறப்பை உறுதியாகச் சொல்ல மறுத்த சில இளைஞர்களுக்கு நியூயார்க்கில் ஊழியத்துக்கான அனுமதி கொடுக்கப்பட்டதாகப் புகார் எழுந்தது. அதையொட்டி அமெரிக்கப் பிரெஸ்பிட்டேரியன் பொதுப் பேரவை 1910இல் ஐந்து கோட்பாடுகளை அவசியமானவை என்று அறிவித்தது: வேதாகமத்தின் பிழையின்மை, கன்னிப் பிறப்பு, கிறிஸ்து நமக்குப் பதிலாகப் பலியானது, அவருடைய சரீர உயிர்த்தெழுதல், அவர் செய்த அற்புதங்களின் மெய்ம்மை. 1916இலும் 1923இலும் பேரவை இதைத் திரும்பவும் உறுதிப்படுத்தியது. இந்த ஐந்தில் திரித்துவம் இல்லை. விசுவாசத்தினால் நீதிமானாக்கப்படுதலும் இல்லை. லூத்தர் எதற்காக ரோமோடு முறித்துக்கொண்டாரோ அதுவே இல்லை! அந்தப் பேரவை அவற்றை நம்பவில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அன்றைய தகராறு அவற்றைப் பற்றியதல்ல, அவ்வளவுதான். 325இல் நிசேயாவில் கூடிய சபைத் தலைவர்களுக்கு, குமாரன் பிதாவினால் படைக்கப்பட்டவர் என்ற ஆரியுவின் போதனை பிரச்சினை. ஆகவே குமாரன் பிதாவோடு ஒரே தன்மையுள்ளவர் என்பதில் அவர்களுடைய முழு பலமும் இறங்கியது. சண்டை எங்கே நடந்தது என்பதை ஒரு விசுவாச அறிக்கை தெளிவாகக் காட்டும். அதிலுள்ள எண்வரிசையைப் பார்த்து எது மையம், எது ஓரம் என்று கண்டுபிடிக்க முடியாது.

மையத்தைப் பவுல் தாமே சொல்லியிருக்கிறார். "நான் அடைந்ததும் உங்களுக்குப் பிரதானமாக ஒப்புவித்ததும் என்னவென்றால், கிறிஸ்துவானவர் வேதவாக்கியங்களின்படி நமது பாவங்களுக்காக மரித்து, அடக்கம்பண்ணப்பட்டு, வேதவாக்கியங்களின்படி மூன்றாம் நாளில் உயிர்த்தெழுந்து" என்று 1 கொரிந்தியர் 15இல் வருகிறது. அவர் யார், என்ன செய்தார், அது நமக்கு எப்படி வந்து சேருகிறது என்கிற மூன்று கேள்விகளைச் சுற்றித்தான் சுவிசேஷ விசுவாசம் கட்டப்பட்டிருக்கிறது. மெய்யான தேவனும் மெய்யான மனிதனுமானவர். நம் பாவங்களுக்காக மரித்துச் சரீரத்தோடு எழுந்தவர். கிரியைகளினால் அல்ல, கிருபையினாலே, விசுவாசத்தைக்கொண்டு அவருடைய நீதி நமக்கு வருகிறது. உங்கள் அறிக்கையின் மற்ற பிரிவுகளை இந்த மூன்றில் ஒன்றோடு இணைத்துப் பாருங்கள். நெருக்கமாக இணைகிறவை கனமானவை.

இப்போது அகசியா. 2 இராஜாக்கள் 8:26 அவன் ராஜாவானபோது வயது 22 என்கிறது. 2 நாளாகமம் 22:2 அதையே 42 என்கிறது. கவனமாகத்தான் படித்திருக்கிறீர்கள். இன்னும் ஒரு அதிகாரம் பின்னால் போயிருந்தால் விடை அங்கேயே கிடைத்திருக்கும். அகசியாவின் தகப்பன் யோராம் 32 வயதில் ராஜாவாகி, 8 ஆண்டுகள் அரசாண்டு இறந்தான். நாற்பது வயதில் இறந்தவனுக்கு நாற்பத்திரண்டு வயதில் மகன் இருக்க வழியில்லை. நாளாகமத்தை எழுதியவருக்கு இந்தக் கணக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? கையால் பிரதியெடுத்த காலத்தில் எங்கோ ஒரு எண் தவறிப்போயிருக்கிறது. "மூல எழுத்துகளில்" என்று உங்கள் அறிக்கை வரையறுப்பது இதற்காகத்தான். 1978இல் 200க்கும் மேற்பட்ட சுவிசேஷ அறிஞர்களும் போதகர்களும் கையெழுத்திட்ட சிக்காகோ அறிக்கை இந்தக் கோட்பாட்டை 19 பிரிவுகளில் விளக்குகிறது. நவீன அறிவியலின் துல்லியம் இல்லாதது, முழு எண்களாகச் சொல்வது, உயர்வுநவிற்சி, ஒரே நிகழ்வைச் சுவிசேஷகர்கள் வேறு வேறு விவரங்களோடு சொல்வது ஆகிய எதுவும் பிழையாகாது என்று அதுவே சொல்லிவிடுகிறது. நூலாசிரியர் எதை உறுதியாகச் சொல்ல வந்தாரோ, அதில் அவர் நம்மைத் தவறான வழியில் நடத்துவதில்லை என்பதுதான் இந்தக் கோட்பாடு சொல்வது. பல நாட்டுச் சுவிசேஷ சபையார் கூடி ஏற்ற 1974இன் லொசேன் உடன்படிக்கையும் வேதாகமம் தான் உறுதிப்படுத்தும் அனைத்திலும் பிழையற்றது என்றே கூறுகிறது.

"மூலப் பிரதி கையில் இல்லையே, பிறகு என்ன பயன்?" என்று நீங்கள் அடுத்துக் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பிரதிகள் ஏராளமாக இருப்பதால், எங்கே வேறுபாடு உண்டு என்பது மறைவாக இல்லை. நீங்களே ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டீர்களே. அப்படிச் சந்தேகத்துக்குரிய இடங்களை எல்லாம் ஒன்றுசேர்த்து வைத்தாலும், விசுவாசத்தின் அடிப்படைக் கோட்பாடு ஒன்றும் அவற்றின் மேல் நிற்பதில்லை. ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். தங்களைச் சுவிசேஷ விசுவாசிகள் என்று சொல்லிக்கொள்கிற எல்லாரும் இந்த அளவுக்கு வருவதில்லை. விசுவாசத்துக்கும் நடக்கைக்கும் வேதாகமம் தவறாத வழிகாட்டி என்பதோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் உண்டு. 1947இல் தொடங்கிய ஃபுல்லர் இறையியல் கல்லூரி 1970களின் தொடக்கத்தில் தன் அறிக்கையை அந்தத் திசையில் திருத்தியபோது பெரிய சர்ச்சையே நடந்தது. உங்கள் சபை பழைய நிலையில் இருக்கிறது. நானும் அங்கேதான் இருக்கிறேன். இந்த விளக்கத்துக்குப் பிறகும் உங்களால் வர முடியவில்லையானால், அது உண்மையான வேறுபாடு. போதகரிடம் அப்படியே சொல்லுங்கள்.

சிலுவைக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொள்ளப்போகிறேன், ஏனென்றால் இந்தப் பிரிவில் தயக்கத்தோடு கையெழுத்திட்டுவிட்டு வகுப்பெடுக்கக் கூடாது.

நீங்கள் கேட்ட நீதிபதிக் கதை எத்தனையோ பிரசங்கங்களில் வந்துவிட்டது. கூண்டில் நிற்பவன் கொலைகாரன், நீதிபதி இரக்கப்பட்டு அவனை விடுவித்து, ஒரு பாவமும் அறியாத தன் மகனைத் தூக்கிலிடுகிறார், கேட்கிறவர்கள் அழுகிறார்கள். நீங்கள் அழாமல் கோபப்பட்டீர்கள். உங்கள் கோபம் சரியானது. "துன்மார்க்கனை நீதிமானாக்குகிறவனும், நீதிமானைக் குற்றவாளியாக்குகிறவனும்" கர்த்தருக்கு அருவருப்பானவர்கள் என்று நீதிமொழிகள் 17:15 சொல்கிறது. அந்தக் கதையின் நீதிபதி ஒரே தீர்ப்பில் இரண்டையும் செய்கிறார்!

கதை மூன்று இடங்களில் உடைகிறது. முதலாவது, அதில் நீதிபதியும் மகனும் இரண்டு தனித்தனி ஆட்கள். ஒருவர் முடிவெடுக்கிறார், இன்னொருவர் வேதனைப்படுகிறார். திரித்துவத்தில் உங்களுக்குத் தயக்கமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அப்படியே சிலுவைக்குக் கொண்டுவாருங்கள். பிதாவும் குமாரனும் ஒரே தேவன். சிலுவையில் தேவன் வேறு யாரையோ பிடித்துத் தண்டிக்கவில்லை. தாம் வழங்கிய தீர்ப்பின் பாரத்தைத் தாமே சுமந்தார். "தேவன் உலகத்தாருடைய பாவங்களை எண்ணாமல், கிறிஸ்துவுக்குள் அவர்களைத் தமக்கு ஒப்புரவாக்கி" என்று பவுல் எழுதும்போது, ஒப்புரவாக்குகிறவர் தேவன், அது நடந்தது கிறிஸ்துவுக்குள். திரித்துவத்தை எடுத்துவிட்டுச் சிலுவையைப் பேசினால், அது நிச்சயமாகக் கொடுமைக் கதையாகத்தான் முடியும். விசுவாச அறிக்கையில் திரித்துவம் பற்றிய பிரிவு இல்லாமல் சிலுவை பற்றிய பிரிவு நிற்காது என்று நான் மாணவர்களிடம் அடிக்கடி சொல்வதுண்டு. பிரிவுகளின் எண்கள் சபைக்குச் சபை மாறலாம், அவற்றின் உறவு மாறாது.

இரண்டாவது, கதையில் மகனுக்கு வாயில்லை. அவனை யாரும் கேட்கவில்லை. யோவான் 10:18இல் இயேசு தம் ஜீவனைப் பற்றி, "ஒருவனும் அதை என்னிடத்திலிருந்து எடுத்துக்கொள்ளமாட்டான், நானே அதைக் கொடுக்கிறேன்" என்கிறார். கெத்செமனேயில் அவர் பட்ட வியாகுலத்தை இது குறைத்துவிடாது. வியாகுலத்தோடுதான் அவர் எழுந்து, பிடிக்க வந்தவர்களை நோக்கி நடந்தார்.

மூன்றாவது, கதையில் மகனுக்கும் கொலைகாரனுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பதிலீட்டுப் பலி என்ற போதனையில் சம்பந்தம்தான் உயிர்நாடி. கிறிஸ்து மனிதகுலத்தின் புதிய தலைவராக, இரண்டாம் ஆதாமாக நிற்கிறார். விசுவாசி அவரோடு இணைக்கப்படுகிறான். அவருடைய மரணம் அவனுடைய மரணமாகிறது, அவருடைய நீதி அவனுடைய நீதியாகிறது. இந்த இணைப்பை ரோமர் 5, 6 அதிகாரங்களில் பவுல் விரித்து எழுதுகிறார். இதைச் சொல்லாமல் இடமாற்றத்தை மட்டும் சொன்னால், கணக்குப் புத்தகத்தில் ஒரு பெயரை அடித்துவிட்டு இன்னொரு பெயரை எழுதிய மாதிரி ஆகிவிடும்.

தண்டனை என்ற பேச்சையே விட்டுவிட்டு, சிலுவையை அன்பின் முன்மாதிரி என்று மட்டும் சொன்னால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். முன்மாதிரி இருக்கிறது, 1 பேதுரு 2ஆம் அதிகாரம் அதைச் சொல்கிறது. ஆனால் அதே அதிகாரம் சில வரிகளுக்குள்ளேயே, "அவர்தாமே தமது சரீரத்திலே நம்முடைய பாவங்களைச் சிலுவையின்மேல் சுமந்தார்" என்கிறது. சிலுவை சாத்தானின் மீதான வெற்றி என்பதும் மெய்யே. அவை எல்லாம் இந்தச் சுமத்தலின் மேல் நிற்கின்றன என்பது சுவிசேஷ சபைகளின் உறுதி. பாவத்தைத் தேவன் கண்டும் காணாததுபோல் விட்டுவிட்டார் என்றால், அநியாயம் செய்யப்பட்டவர்களுக்கு என்ன பதில்? நன்மை தீமையை அவர் பொருட்படுத்துவதில்லை என்றுதானே அர்த்தமாகும்? தேவன் தாமும் நீதியுள்ளவராக இருந்து, இயேசுவை விசுவாசிக்கிறவனையும் நீதிமானாக்குவது எப்படி என்பதே ரோமர் 3:26இல் பவுலின் கேள்வி. இந்தக் கேள்வியைக் கேட்காத எவருக்கும் சிலுவை தேவையற்றதாகத்தான் தெரியும்.

உங்கள் அப்பாவைப் பற்றி.

நீங்கள் கையெழுத்திடும் எந்தப் பிரிவிலும் அவருடைய பெயர் இல்லை. கிறிஸ்துவைத் தவிர வேறு இரட்சகர் இல்லை, அவரைப் புறக்கணிக்கிறவர்கள் நித்தியமாகத் தேவனைவிட்டுப் பிரிக்கப்படுவார்கள் என்று அறிக்கை சொல்கிறது. நானும் அதை விசுவாசிக்கிறேன். உங்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று அதை மழுப்பிச் சொன்னால் உங்களை ஏமாற்றியவனாவேன். ஆனால் ஒரு குறிப்பிட்ட மனிதனின் கடைசி மணிநேரத்தில் அவன் உள்ளத்தில் நடந்தது என்ன என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரத்தை எந்த விசுவாச அறிக்கையும் சபைக்குக் கொடுக்கவில்லை. இயேசுவின் பக்கத்துச் சிலுவையில் தொங்கி, கடைசி நேரத்தில் அவரை நம்பிய கள்ளனின் வீட்டார், அவன் கள்ளனாகவே செத்தான் என்றுதான் நினைத்திருப்பார்கள். "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ" என்று ஆபிரகாம் கேட்டதை உங்கள் கேள்வியாகவே வைத்துக்கொள்ளலாம். அப்பா இரட்சிக்கப்பட்டிருப்பார் என்று இதனால் நான் உறுதி சொல்லிவிட முடியாது. அவர் எங்கே இருக்கிறார் என்று உங்களிடம் உறுதியாகச் சொல்ல யாராவது வந்தால், அவர் எந்தப் பக்கம் சொன்னாலும், தமக்குத் தெரியாததைச் சொல்கிறார்.

இந்தக் கோட்பாட்டை நம்புகிறவர்கள் கல்நெஞ்சக்காரர்களாக இருக்க வேண்டும் என்றும் நினைக்க வேண்டாம். கிறிஸ்துவை ஏற்காத தன் இனத்தாரை நினைத்து, "எனக்கு மிகுந்த துக்கமும் இடைவிடாத மனவேதனையும் உண்டாயிருக்கிறது" என்று எழுதியவர் இதே பவுல்தான். துக்கமும் கோட்பாடும் ஒரே நெஞ்சில் இருந்தன. துக்கமில்லாமல் நரகத்தைப் பிரசங்கிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கும் கூசுகிறது.

ஆக்கினையின் தன்மை பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். லொசேன் உடன்படிக்கையை வரைந்ததில் முதன்மையானவரான ஜான் ஸ்டாட், இறுதித் தீர்ப்பை உறுதியாக நம்பியபடியே, துன்மார்க்கர் முடிவில் இல்லாமற்போவார்கள் என்ற கருத்துக்கு இடமுண்டு என்று 1988இல் தயக்கத்தோடு எழுதினார். பெரும்பாலான மரபுவாதிகள் ஏற்கவில்லை. மத்தேயு 25:46இல் நித்திய ஆக்கினையும் நித்திய ஜீவனும் ஒரே வாக்கியத்தில், ஒரே அளவில் வருவதால் நானும் ஏற்கவில்லை. ஆனாலும் சிலுவையையும் உயிர்த்தெழுதலையும் பற்றிய ஸ்டாட்டின் சாட்சியை நான் சந்தேகிக்கவில்லை. உங்கள் அறிக்கையின் வாசகம் எவ்வளவு விரிவாகச் சொல்கிறது என்பதைப் பார்த்துவிட்டு, உங்கள் தயக்கம் தீர்ப்பைப் பற்றியதா, அதன் தன்மையைப் பற்றியதா என்று பிரித்துக்கொள்ளுங்கள். முதலாவதானால் விஷயம் பெரியது.

ஆயிரவருட அரசாட்சிக்கு அதிக மை செலவிட மாட்டேன். வெளிப்படுத்தின விசேஷம் 20ஆம் அதிகாரத்தை மூன்று விதமாக வாசிக்கிறார்கள். மூன்று தரப்பிலும் வேதாகமத்தை முழுதாக நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். மேலே சொன்ன மேச்சன், ஆயிரவருடத்துக்கு முன் வருகை, அதாவது அந்த அரசாட்சி தொடங்கும் முன்பே கிறிஸ்து திரும்ப வருவார் என்ற கருத்தைத் தவறு என்று எண்ணினார். ஆனால் அதை நம்புகிறவர்களோடு தோள்கொடுத்து நின்றார். அந்தக் கருத்தைப் பல காலம் தன் அறிக்கையில் வைத்திருந்த அமெரிக்காவின் இவாஞ்சலிகல் ஃப்ரீ சபை 2019இல் அந்தச் சொல்லை நீக்கிவிட்டு, கிறிஸ்துவின் வருகை மகிமையானது என்று வைத்துக்கொண்டது. கிறிஸ்து சரீரத்தோடு திரும்ப வருவார் என்பதை நீங்கள் நம்புகிறீர்களா? அப்படியானால் மீதியைக் கற்றுக்கொண்டிருப்பதாகப் போதகரிடம் சொல்லுங்கள். அவர் இதற்காக உங்களைத் தடுத்தால், நான் அவர் பக்கம் நிற்க மாட்டேன்.

செய்ய வேண்டியது எளிது. படிவத்தைத் திருப்பிக் கொடுக்கும் முன் போதகரிடம் நேரம் கேளுங்கள். எந்தப் பிரிவில் முழு மனதோடு நிற்கிறீர்கள், எதில் விளக்கம் வேண்டும், எதில் உடன்பாடில்லை என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பேச்சு வேறு பக்கம் போய்விடாது. பல சபைகள், போதிக்கிறவர்களிடம் கேட்கும் அளவுக்கு அங்கத்தினர்களிடம் கேட்பதில்லை. ஆகவே "இப்போது வகுப்பெடுக்க வேண்டாம்" என்று அவர் சொன்னால், அது உங்கள் இரட்சிப்பைப் பற்றிய தீர்ப்பு அல்ல. உயிர்த்தெழுந்தவரைப் பணிந்துகொண்ட மலையிலேயே "சிலரோ சந்தேகப்பட்டார்கள்" என்று மத்தேயு எழுதிவைத்திருக்கிறார். அவர்களை யாரும் மலையிலிருந்து இறக்கிவிடவில்லை. வேறு ஊழியம் ஏதாவது கேளுங்கள், வாசிப்பைத் தொடருங்கள், சில மாதம் கழித்து மறுபடி பேசுங்கள். சில தயக்கங்களைக் குறிப்பிட்டுக் கையெழுத்திட அவரே அனுமதிக்கவும் கூடும். அப்படியானால் அந்தக் குறிப்பைப் படிவத்திலேயே எழுதிவிடுங்கள், வாய்ப்பேச்சாக விடாதீர்கள். குறிப்பிட்ட இடங்களில் பிள்ளைகள் கேள்வி கேட்டால், சபையின் போதனை இது என்று சொல்லிவிட்டுப் போதகரிடம் அனுப்பலாம்.

போகும் முன் ரோமர் 3 முதல் 6 வரை ஒரே அமர்வில் வாசித்துவிடுங்கள். சந்திப்பில் சிலுவை பற்றிய பிரிவை முதலில் எடுங்கள், அகசியாவை அதற்குப் பிறகு. அப்பாவைப் பற்றிப் பேச ஒரு சந்திப்பு போதாது. அதற்கென்று தனியாக நேரம் கேளுங்கள். உங்கள் கணவரையும் அழைத்துப் போங்கள். அவரும் அந்தப் பன்னிரண்டு பிரிவுகளை ஒருமுறை படித்ததாக இருக்கும்.